மந்திரம் பாவமா? திருமறையின் தீர்ப்பும் திருச்சபையின் பிழையும்

போதகர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, பில்லி, சூனியம், மந்திரம் ஆகியவற்றைக் குறித்துத் திருச்சபை என்ன கற்பிக்க வேண்டும் என்பதாகும். 'மந்திரம் பாவமா?' என்று சபையார் கேட்கும்போது 'ஆம், பாவமே' என்று விடை கூறுவது எளிது. உபாகமம் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினால் நம் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். ஆனால் அவ்விடையைப் பெற்ற சபையார் வீடு திரும்பியபின் என்ன செய்கின்றனர் என்பதை நாம் கவனிப்பதில்லை. தம் குழந்தையின் இடுப்பில் கட்டிய தாயத்தை அவிழ்ப்பவர் சிலர். அடுத்த வீட்டு மூதாட்டியை ஐயத்தோடு நோக்கத் தொடங்குபவர் பலர். ஒரே போதனை இவ்விரு விளைவுகளையும் தருமாயின், அப்போதனையை மீண்டும் ஆராய்ந்து பார்ப்பது நம் பொறுப்பு.

மந்திரம் பாவம் என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது எத்தகைய பாவம், யாருடைய பாவம், அதனைக் கண்டறிந்து சொல்ல வேண்டியவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் நம் மரபு ஒன்றாகப் பிசைந்துவிட்டது என்பதே இங்கு நான் முன்வைக்கும் குற்றச்சாட்டு. அக்குழப்பத்தின் விலையைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் கைம்பெண்களுமே. அவர்களுள் ஒருவரை நானும் அறிவேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1. பிற சமயங்களின் நோக்கு

இவ்வினாவை எழுப்பியவர்கள் கிறிஸ்தவர் மட்டும் அல்லர். யூதரின் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, சன்ஹெத்ரின் பற்றிய பகுதியில் (7:11), மெய்யாகவே மந்திரச் செயலைச் செய்பவனுக்கும் பார்ப்போரின் கண்ணை மயக்குபவனுக்கும் வேறுபாடு காண்கிறது. முன்னவன் தண்டனைக்குரியவன், பின்னவன் அத்தண்டனைக்கு உரியவன் அல்லன். வெள்ளரிக்காய்களைச் சேர்க்கும் இருவரைக் காட்டி ரபி அக்கீபா இதனை விளக்குகிறார். எல்லா வித்தையும் ஒன்றன்று என்னும் தெளிவு அங்கே காணப்படுகிறது.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் (2:102), கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டவர்களைக் கடிந்துரைக்கிறது. அதே இடத்தில், இறைவனின் அனுமதி இல்லாமல் அவர்கள் எவருக்கும் தீங்கு செய்ய இயலாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மந்திரம் செய்வது பெரும்பாவம். மந்திரத்துக்கு அஞ்சுபவன் செல்ல வேண்டிய இடமோ இறைவனின் அடைக்கலமே. இவ்விரண்டும் அங்கே பிரிக்கப்படவில்லை.

இந்திய மரபில் அதர்வ வேதம் நோய் நீக்கும் மந்திரங்களையும் பகைவரை ஒடுக்கும் மந்திரங்களையும் ஒருங்கே கொண்டுள்ளது. பிற்காலத்து மநுஸ்மிருதியோ, உயிர் கவர நினைத்துச் செய்யும் அபிசாரத்துக்கு 200 பணம் தண்டம் விதிக்கிறது (9:290). பதினோராம் அத்தியாயத்தில் அதனை உபபாதகங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. இங்கே மந்திரம் என்பதே குற்றமாகக் கருதப்படவில்லை. அதனால் அயலானுக்கு விளையும் தீங்கே குற்றமாகக் கருதப்படுகிறது.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன. செயல் மெய்யா, ஏமாற்றா? அயலானுக்குத் தீங்கு உண்டா? மனிதனின் நம்பிக்கை எங்கே தங்கியிருக்கிறது? நம் திருமறை இம்மூன்றையும் அறியும். ஆயினும் மூன்றாவது வினாவையே அது எல்லாவற்றுக்கும் தலையாக வைக்கிறது. நாமோ அதனைக் கடைசியில் வைத்துவிட்டோம்.

2. தமிழ்த் திருமறையின் சொற்கள்

ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதலே இன்றும் நம் சபைகளில் பெரிதும் வாசிக்கப்படுகிறது. உபாகமம் 18:10, 11 வசனங்களில் வரும் எபிரெயப் பட்டியலைத் தமிழாக்கியவர்கள், தம் காலத்துத் தமிழ்நாட்டு ஊர்களில் வழங்கிய பெயர்களையே எடுத்தாண்டனர். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன் என்னும் சொற்கள் எல்லாம் வாசகனுக்கு நன்கு தெரிந்த மனிதர்களைக் கண்முன் நிறுத்துகின்றன. மொழிபெயர்ப்பின் உயிர்த்துடிப்பு இது. ஆனால் இதில் ஓர் இடரும் உண்டு. எபிரெயர் கண்ட மனிதர் வேறு. வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் நம் ஊர் மனிதர் வேறு. சொல் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒன்றே என்று நம் மனம் முடிவு செய்துவிடுகிறது.

இச்சொற்கள் எபிரெயச் சொற்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவனவும் அல்ல. மூதாதையரின் ஆவியோடு தொடர்புடைய 'ஓப்' என்னும் எபிரெயச் சொல், உபாகமம் 18இல் 'சன்னதக்காரன்' என்றும், 1 சாமுவேல் 28இல் 'அஞ்சனம் பார்க்கிற' பெண் என்றும் வருகிறது. சன்னதம் என்றால் தெய்வம் ஏறி ஆடுதல்; அஞ்சனம் என்றால் மை. எந்தோரில் வாழ்ந்த பெண் மை பார்த்ததாகக் கதையில் ஒரு குறிப்பும் இல்லை.

யாத்திராகமம் 22:18 இதைவிட முக்கியமானது. அங்கே எபிரெயம் பெண்பாற் சொல்லை ஆள்கிறது. தமிழும் 'சூனியக்காரி' என்கிறது. ஆனால் கிறிஸ்துவுக்கு முன்னரே உருவான கிரேக்க மொழிபெயர்ப்பும், பின்னர் வந்த இலத்தீன் வுல்காத்தாவும் ஆண்பாற் பன்மையை ஆண்டன. உபாகமம் 18இல் எபிரெயமே ஆண்பாலில் பேசுகிறது. ஆகவே இஸ்ரவேலின் சட்டம் இக்குற்றத்தைப் பெண்களுக்கே உரியதாகக் கொள்ளவில்லை. அந்த மூலச் சொல்லின் துல்லியமான பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பொருள் உறுதிப்படாத ஒரு சொல்லைக் கொண்டு மனித உயிரைப் பறிக்கத் துணிந்த வரலாறு நம்முடையது.

புதிய ஏற்பாட்டிலும் இத்தகைய ஓர் இடம் உண்டு. மத்தேயு 2இல் குழந்தை இயேசுவைப் பணிய வந்தவர்களைப் பழைய திருப்புதல் 'சாஸ்திரிகள்' என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'ஞானிகள்' என்கிறது. அப்போஸ்தலர் 13இல் பாப்போ பட்டணத்தில் பவுலை எதிர்த்த பர்யேசு 'மாயவித்தைக்காரன்' எனப்படுகிறான். கிரேக்கத்திலோ இரண்டு இடங்களிலும் 'மாகோஸ்' என்னும் ஒரே சொல்தான். ஆண்டவரின் தொட்டிலருகே முழங்காற்படியிட்டவர்களும் அதே பெயரால் அழைக்கப்பட்டவர்களே என்பதைத் தமிழ் வாசகன் அறியும் வாய்ப்பு இல்லை. அந்தியோக்கியாவின் இக்னாத்தியு எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில், விண்மீன் தோன்றியபோது மந்திரக் கட்டுகள் அனைத்தும் அவிழ்ந்தன என்னும் கருத்தை வெளியிடுகிறார். தொடக்கத் திருச்சபை மந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிய செய்தி, அது தோற்றுப்போனது என்பதாகும்.

கலாத்தியர் 5:20இல் 'பில்லிசூனியம்' என நாம் வாசிக்கும் சொல் 'பார்மக்கேயா'. மருந்து, மருந்திடுதல் என்னும் பொருளில் பிறந்த சொல் அது. மாம்சத்தின் கிரியைகள் என்னும் அப்பட்டியலில் அது நிற்கும் இடத்தை நோக்குக. அதற்கு முன்னே விக்கிரகாராதனை. அதற்குப் பின்னே பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள். சூனியம் வைத்தவள் என்று அயலாளைப் பழிப்பவன் எந்த உணர்ச்சியால் உந்தப்படுகிறானோ, அதுவும் அதே பட்டியலில் அடுத்த சொல்லாக நிற்கிறது. இதனைக் குறித்து நம் பிரசங்கங்கள் அதிகம் பேசுவதில்லை.

3. திருமறை காட்டும் மனிதர்கள்

சட்டத்தைவிடக் கதை சில வேளைகளில் தெளிவாகப் பேசும். எந்தோரின் கதையைப் பாருங்கள். நாட்டிலிருந்து குறிசொல்வோரைத் துரத்தியவன் சவுலே. ஆண்டவர் தனக்கு மறுமொழி தராதபோது, மாறுவேடமிட்டு இரவில் அப்பெண்ணைத் தேடிச் செல்பவனும் சவுலே. உயிருக்கு அஞ்சி நடுங்கியவள் அவள். எல்லாம் முடிந்தபின், விழுந்து கிடந்த அரசனுக்காகத் தன் வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவைப் பிசைந்து புளிப்பில்லா அப்பம் சுட்டு உணவு தந்தவளும் அவளே. 1 நாளாகமம் 10:13 இந்நிகழ்ச்சிக்குத் தீர்ப்பு வழங்குமிடத்தில் சவுலின் துரோகத்தையே குறிப்பிடுகிறது. அப்பெண்ணைத் தண்டிக்கச் சொல்லி ஒரு சொல்லும் அங்கே இல்லை. அவள் தொழில் சரியானது என்று நான் கூற வரவில்லை. சட்டம் போட்டவனே வாடிக்கையாளனாக வந்து நிற்கும்போது, பாவத்தின் பாரம் எங்கே விழுகிறது என்பதைத் திருமறை ஆசிரியர் அறிந்திருந்தார்.

சமாரியாவின் சீமோன் (அப். 8) ஆவியானவரின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்க முயன்றான். திருமுழுக்குப் பெற்றபின் செய்த பாவம் இது. பேதுரு அவனை வன்மையாகக் கடிந்தார். ஆனால் மனந்திரும்பி மன்றாடும்படியே கூறினார். பிலிப்பியில் குறி சொன்ன பெண் (அப். 16) ஓர் அடிமை. அவள் வாயால் அவள் எஜமானர் காசு பார்த்தனர். பவுல் அவளை விடுவித்தார். வருமானம் போயிற்றே என்று கொதித்தவர்கள் எஜமானர்கள். மந்திரத்தின் பின்னே யாருடைய பை நிறைகிறது என்னும் வினாவை லூக்கா தொடர்ந்து எழுப்புகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக எபேசுவின் நிகழ்ச்சி (அப். 19). 'எபேசு எழுத்துகள்' என்றே பெயர்பெற்ற மந்திரச் சொற்களுக்குப் புகழ்பெற்ற நகர் அது. அங்கே ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான நூல்கள் தீக்கு இரையாயின. ஒரு வெள்ளிக்காசு ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம் எனக் கொண்டால், அது எத்துணைப் பெரிய தொகை என்பது விளங்கும். பிற்காலத்தார் இப்பகுதியைக் காட்டியே பிறர் நூல்களையும் பிறர் உடல்களையும் எரித்தனர். ஆனால் வசனம் சொல்வது யாது? விசுவாசித்தவர்களே முன்வந்து தம் செயல்களைத் தாமே அறிக்கையிட்டனர். தம் நூல்களைத் தாமே கொண்டுவந்தனர். எவரும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எந்த வீட்டிலும் சோதனை நடக்கவில்லை. மந்திரம் என்னும் பாவத்தைப் பற்றிய திருமறையின் நெறி இந்த ஒரு நிகழ்ச்சியில் முழுமையாக அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அது அறிக்கையிட வேண்டிய பாவம். அயலார்மேல் சுமத்த வேண்டிய பழி அன்று.

4. திருச்சபை கற்பித்தது

அகுஸ்தீன் தம் 'கிறிஸ்தவப் போதனை' என்னும் நூலில், மந்திரச் சின்னங்கள் பேய்களோடு மனிதர் செய்துகொண்ட உடன்படிக்கையாலேயே பொருள் பெறுகின்றன என்று விளக்கினார். தாமஸ் அக்குவினாஸ் இதனை வளர்த்து, வெளிப்படையான உடன்படிக்கை, உள்ளுறையான உடன்படிக்கை என இருவகைப்படுத்தினார். ஆழ்ந்த சிந்தனை இது. தாயத்தைக் கட்டுபவன் தான் அறியாமலே வேறொரு தலைவனுக்குக் கீழ்ப்படுகிறான் என்பதை அது உணர்த்தியது. ஆனால் காணமுடியாத உடன்படிக்கையைக் காண முற்பட்டபோது, இக்கோட்பாடே கொடுமையின் கருவியாயிற்று.

இடைக்காலத் திருச்சபையில் வேறொரு குரலும் இருந்தது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் பேரரசர் சாக்சன் மக்களுக்கு விதித்த சட்டம், ஒருவரை மனிதரைத் தின்னும் சூனியக்காரர் என நம்பி எரிப்பவர்களுக்கே மரண தண்டனை விதித்தது. ஏறத்தாழ 906ஆம் ஆண்டில் புரூம் மடத்தின் ரெஜினோ தொகுத்த நூலில் காணப்படும் 'கானோன் எப்பிஸ்கோப்பி' என்னும் விதி, இரவில் தெய்வத்தோடு பறந்து செல்வதாக எண்ணும் பெண்கள் கனவால் ஏமாற்றப்பட்டவர்கள் என்றது. அதை மெய்யென நம்புவதே விசுவாசக் குறைவு என்றது. ஆறு நூற்றாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1486-87இல் ஹைன்ரிக் கிராமர் வெளியிட்ட 'மல்லேயுஸ் மலேபிக்காரும்', சூனியக்காரரின் ஆற்றலை நம்பாதவனையே பதிதன் என்றது. முன்னர் நம்புவது பிழை. பின்னர் நம்பாதிருப்பது பிழை. 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை இக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டனர் என்பது இன்றைய வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள்.

இது உரோமைத் திருச்சபையின் குற்றம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1526இல் லூத்தர் யாத்திராகமம் 22:18ஐப் பற்றிப் பிரசங்கித்தபோது, சூனியக்காரிகள் கொல்லப்படத் தக்கவர்கள் என்றே போதித்தார். மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1529இல், அவரே தம் சிறிய ஞானோபதேசத்தில் மந்திரத்தைக் கர்த்தருடைய நாமத்தை வீணில் வழங்காதே என்னும் கட்டளையின்கீழ் வைத்தார். 1563இன் ஹைடல்பர்க் ஞானோபதேசம் அதனை முதற் கட்டளையின்கீழ் வைத்தது. இவ்விரு ஞானோபதேசங்களும் மந்திரத்தை வைத்த இடமே சரியான இடம். அங்கே வினா என்னை நோக்கி வருகிறது: நீ யாரை நம்புகிறாய்? எவருடைய பெயரை எதற்காகப் பயன்படுத்துகிறாய்? 1526இன் பிரசங்கத்திலோ வினா அடுத்த வீட்டை நோக்கித் திரும்பிவிட்டது. ஒரே ஆசிரியரிடத்தில் இவ்விரு போதனைகளும் இருந்தன. நம் மரபு எதனை வாழ்ந்து காட்டியது என்பதை வரலாறு சொல்கிறது.

ஹைடல்பர்க் ஞானோபதேசம் வெளிவந்த அதே 1563இல்தான் ஸ்காத்லாந்து தன் சூனியச் சட்டத்தை இயற்றியது; அதே ஆண்டில்தான் யோகான் வையர் என்னும் மருத்துவர், குற்றஞ்சாட்டப்பட்ட மூதாட்டிகள் தண்டனைக்குரியவர் அல்லர், மருத்துவத்துக்கும் போதனைக்கும் உரியவர் என வாதிட்டு நூல் எழுதினார். திருச்சபை வையரின் குரலுக்குச் செவிகொடுக்க நெடுங்காலம் ஆயிற்று. ஜான் வெஸ்லி 1768இலும் தம் நாட்குறிப்பில், சூனியத்தை நம்ப மறுப்பது திருமறையையே கைவிடுவதாகும் என்னும் கருத்தை எழுதினார். ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை தன் பங்குக்கு மன்னிப்புக் கோரியது 2022ஆம் ஆண்டு மே மாதத்தில்தான்.

5. யார் மந்திரம் செய்தது?

1692இல் வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் கிராமத்தில் நடந்தவை பலரும் அறிந்தவை. (நம் நாட்டுச் சேலத்தோடு இதற்குத் தொடர்பு இல்லை.) போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டுச் சிறுமியர் இருவர் விளங்காத நோயால் வதைபட்டனர். முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஜார்ஜ் பரோஸ் என்னும் போதகரும் ஒருவர். சூனியக்காரரால் கர்த்தருடைய ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல முடியாது என்று மக்கள் நம்பியிருந்தனர். அவர் தூக்குமரத்தடியில் அதனைப் பிழையின்றிச் சொன்னார், அப்படியும் தூக்கிலிடப்பட்டார்.

அதிகம் பேசப்படாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. நோய்க்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க, மேரி சிப்லி என்னும் சபை உறுப்பினர் ஒரு வழி சொன்னார். சிறுமியரின் சிறுநீரை ரை என்னும் தானிய மாவில் பிசைந்து அப்பம் சுட்டு, அதை நாய்க்குக் கொடுத்தார்கள். சேலத்தில் ஐயத்துக்கு இடமின்றி நடந்த மந்திரச் செயல் என்று சொல்லத்தக்கது இது. செய்தவர் குற்றஞ்சாட்டிய பக்கத்தைச் சேர்ந்தவர். பாரிஸ் அவரைச் சபைமுன் கடிந்துகொண்டார். அவர் கண்ணீரோடு தவற்றை ஒப்புக்கொண்டார். சபை கையுயர்த்தி அவரை மன்னித்தது. அது முற்றிலும் சரியே. ஆனால் மந்திரம் செய்தவர் மன்னிப்புப் பெற்றார். செய்யவில்லை என்று கூறியவர்கள் தூக்குமரம் ஏறினர்.

இதனை நான் முதன்முறை வாசித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன், என் முதல் சபையில் நடந்தது என் கண்முன் வந்தது. ஒரு குடும்பத்தின் ஐந்து வயதுக் குழந்தை காய்ச்சலால் பிதற்றிக் கிடந்தது. வாசற்படியின் அருகே மண்ணைக் கிளறியபோது ஒரு செப்புத் தகடு கிடைத்ததாம். எந்த வீட்டிலிருந்து அது வந்திருக்கும் என்பதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்களும் தெருக்கோடியில் தனித்து வாழ்ந்த, நம் சபையைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணின் வீட்டை நோக்கின. என்னை ஜெபத்துக்கு அழைத்தனர். நான் எவர் பெயரையும் சொல்லவில்லை. 'இதைச் செய்தவர்களின் கைகளை ஆண்டவர் கட்டட்டும்' என்று மட்டுமே உரத்த குரலில் ஜெபித்தேன். நடுநிலையோடு ஜெபித்ததாகவே நினைத்தேன்.

அன்று மாலையே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படியும் சொன்னேன். மருத்துவம் பலித்தது, குழந்தை தேறியது. ஊரார் அதனை ஜெபத்தின் வெற்றி என்றனர். ஜெபம் பலித்ததால் சூனியமும் மெய் என்றாயிற்று. சூனியம் மெய் என்றதால் அப்பெண்ணின் குற்றமும் உறுதியாயிற்று. அடுத்த திருவிருந்து ஆராதனையில் அவர் அருகே ஒருவரும் அமரவில்லை. அதற்கடுத்த மாதம் அவர் வரவில்லை. பின்னர் வெளியூரிலிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் அவ்வூரில் இருந்த நாளெல்லாம் நான் ஒருமுறையும் அவர் வீட்டுப் படியேறிச் சென்று விசாரிக்கவில்லை. மந்திரம் பாவமா என்னும் வினாவை இன்று எவர் என்னிடம் கேட்டாலும், என் நினைவுக்கு முதலில் வருவது அந்தச் செப்புத் தகடு அன்று, என் ஜெபமே.

6. ஓர் எதிர்வாதம்

'அப்படியானால் தீய ஆவிகளே இல்லை என்கிறீரா?' என்று உடன் ஊழியர் கேட்கக்கூடும். ஆம்ஸ்தர்தாம் போதகர் பல்தாசார் பெக்கர் 1691இல் வெளியிடத் தொடங்கிய நூலில் ஏறக்குறைய அவ்வழியே சென்றார். அலகைக்கு இவ்வுலகில் செயலாற்றும் ஆற்றல் இல்லை என வாதிட்டார். 1692இல் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் சுவிசேஷங்களின் சாட்சியை அவ்வளவு எளிதில் கடந்துசெல்ல இயலாது என்றே எண்ணுகிறேன்.

ஆனால் தீமையின் வல்லமை உண்டா என்பது ஒரு வினா. இந்தப் பெண் அதைப் பயன்படுத்தினாளா என்பது வேறொரு வினா. பாஸ்டன் நகரப் போதகர் இன்கிரீஸ் மாதர் சூனியம் உண்டு என்று உறுதியாக நம்பியவர். அவரே 1692இல், ஐயத்துக்குரிய பத்துப்பேர் தப்பிச் செல்வது குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படுவதைவிட மேல் என்று எழுதினார். முதல் வினாவுக்கு ஆம் என்பவரும் இரண்டாம் வினாவில் அஞ்சி நிற்க வேண்டும் என்பதற்கு அவரே சான்று. மேலும் கொலோசெயர் 2:15 கூறுவதுபோல் கிறிஸ்து பெருமான் சிலுவையில் துரைத்தனங்களின் படைக்கலங்களைக் களைந்தாரெனில், வாசற்படியில் கிடைத்த தகட்டுக்கு நடுங்கும் விசுவாசம் எதனை நம்புகிறது?

7. நம்முடைய மந்திரங்கள்

மந்திரத்தின் உள்ளீடு யாது? சொல்லையோ பொருளையோ கொண்டு இறைவனையும் அயலானையும் தன் விருப்பத்துக்கு இணங்கச் செய்ய முயல்வது. அவ்வாறு நோக்கினால் அது பிற சமயத்தாரின் தனிச்சொத்து அன்று. உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்ற இஸ்ரவேலர் அதனைத் தாயத்தாகவே கருதினர், பெட்டியும் பறிபோயிற்று, முப்பதாயிரம் பேரும் மாண்டனர் (1 சாமு. 4). ஆண்டவர் கட்டளைப்படி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே மக்கள் தூபங்காட்டியபோது எசேக்கியா அதனை உடைத்துப்போட்டான் (2 இராஜா. 18:4). ஸ்கேவாவின் குமாரர் இயேசுவின் பெயரையே மந்திரமாக ஆள முயன்று காயப்பட்டு ஓடினர் (அப். 19). பாரீஸ் நூலகத்திலுள்ள நான்காம் நூற்றாண்டு மந்திரப் பப்பிரசுச் சுவடி ஒன்றில், எபிரெயரின் கடவுளாகிய இயேசுவின் பெயரால் பேயோட்டும் வாய்பாடு காணப்படுகிறது. பெயர் நம்முடையது, நோக்கம் மந்திரவாதியினுடையது.

பவுலின் உடலிலிருந்து கொண்டுசென்ற உறுமால்கள் நோய் நீக்கினவே என்பர். லூக்கா அதனைத் தேவன் செய்ததாகவே சொல்கிறார். பவுல் அவற்றை அனுப்பியதாகவோ விலைக்குத் தந்ததாகவோ சொல்லவில்லை. அடுத்த வசனங்களிலேயே ஸ்கேவா குமாரரின் கதையை வைத்து, அருளை வாய்பாடாக்குவோருக்கு நேரும் கதியைக் காட்டிவிடுகிறார்.

இன்று நம் சபைகளில் வலம்வரும் ஜெப எண்ணெய்ப் புட்டிகள், தலையணையின்கீழ் வைக்கப்படும் திருமறை, புத்தாண்டு இரவில் சீட்டெடுத்துப் பெறும் வாக்குத்தத்த வசனம் ஆகியவற்றை இவ்வொளியில் ஆராய வேண்டும். தலைவலிக்குத் தாயத்துக் கட்டாமல் சுவிசேஷ நூலைத் தலையில் வைப்பவனைக் கண்டு அகுஸ்தீன் ஓரளவு மகிழ்ந்தார். ஆனால் உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷ ஏடுகளைப் புரட்டிக் குறிபார்ப்பதைத் தமக்கு உவப்பில்லாத வழக்கம் என்றார். எளியோரின் பலவீனத்தை அவர் பொறுத்துக்கொண்டார். அதனை விற்றுப் பிழைப்பவரையோ சீமோனின் கதை பொறுத்துக்கொள்ளாது.

முடிவுரை

மந்திரத்தைச் சாட்டிப் பழிக்கப்படுபவர்கள் இன்றும் சாகின்றனர். சூனியக்காரி எனப் பட்டம் சூட்டுவதைத் தடுக்க பீகார் 1999இலும், ஜார்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை 2021இல் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. கானா நாட்டின் வடபகுதியில், ஊரைவிட்டு விரட்டப்பட்ட பெண்கள் தங்கும் கம்பாகா முகாமில் பிரெஸ்பித்தேரியன் சபை நெடுங்காலம் பணிசெய்து, அவர்களைத் தம் குடும்பங்களோடு மீண்டும் சேர்க்கப் பாடுபட்டுள்ளது. பழிசுமத்தப்பட்டவரின் பக்கம் போய் நிற்பதும் திருச்சபைக்கு இயலும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆகவே உடன் ஊழியர்க்கு, சிறப்பாக ஊழியத்துக்குப் புதியவர்களாகிய மாணவர்க்கு, நான் சொல்ல விரும்புவன இவை. மந்திரம் பாவமே எனத் தயங்காமல் போதியுங்கள். ஆனால் அதனை முதற் கட்டளையின் பாவமாகப் போதியுங்கள். எபேசுவைப்போல் அவரவர் தம் தாயத்தையும் தகட்டையும் தாமே கொண்டுவர அழையுங்கள். நோயுற்ற குழந்தைக்காக ஜெபிக்கும்போது குழந்தைக்காகவே ஜெபியுங்கள். 'செய்தவர்கள்' என்னும் சொல் உங்கள் ஜெபத்தில் நுழைய இடங்கொடாதீர்கள். மருத்துவரிடம் அனுப்பக் காலந்தாழ்த்தாதீர்கள். ஜெபம் முடிந்ததும், ஊரார் கண்கள் எந்த வீட்டை நோக்குகின்றனவோ, அந்த வீட்டுக்கு அன்றே செல்லுங்கள். அங்கே அமருங்கள், அவர் தரும் நீரை வாங்கி அருந்துங்கள், எல்லாரும் பார்க்கும்படி அவரோடு ஜெபித்துவிட்டு வாருங்கள். அடுத்த திருவிருந்தில் அவர் அருகே யாரை அமரச் செய்வது என்பதையும் முன்னதாகவே எண்ணி வையுங்கள்.

நான் அன்று செய்யத் தவறியது இதுவே. எந்தோரின் பெண் தன்னை நாடுகடத்திய அரசனுக்கு உணவிட்டாள். நாம் நம் சபையின் கைம்பெண்ணுக்குத் திருவிருந்தில் ஓர் இடத்தையாவது காத்துத் தருவோமாக.